ஆறாம் வகைத் தோலும் கேட்கப்படாத கேள்விகளும்

வாட்ஸப்பில் கட்டைவிரல் எமோஜியை அழுத்திப் பிடித்தால் ஐந்து தோல் நிறங்கள் வரும். 2015-இல் யூனிகோட் சேர்த்தவை. அவற்றுக்கு அடிப்படை, தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல். அதில் ஆறு வகை உண்டு. முதல் இரண்டு வெளிர்நிறங்களை எமோஜியில் ஒன்றாக்கிவிட்டார்கள். எமோஜிக்கு இது போதும். லேசர் சிகிச்சைக்கும் சன்ஸ்கிரீன் ஆலோசனைக்கும் இதே அளவுகோலை நம் மேல் வைக்கிறார்களே, அது போதுமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் அது எதற்காக வந்தது என்று பார்த்துவிடலாம். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் ஹார்வர்டில் தோல் மருத்துவப் பேராசிரியர். 1970களில் சொரியாசிஸ் நோயாளிகளுக்கு சொராலன் மாத்திரை கொடுத்து, பிறகு புற ஊதா 'ஏ' கதிரைக் காட்டும் சிகிச்சை புதிதாக வந்திருந்தது. தலைமுடி, கண் இவற்றின் நிறத்தைப் பார்த்துக் கதிர் அளவை முடிவு செய்தபோது சிலருக்குத் தோல் வெந்துபோனது. ஆகவே 1975-இல் அவர் நோயாளியிடமே கேட்கும் வழியை வைத்தார்: வெயிலில் நின்றால் தோல் சிவந்து எரியுமா, பழுப்பேறுமா? பதிலை வைத்து வெள்ளைத் தோலை நான்காகப் பிரித்தார். 'பழுப்புத் தோல்' ஐந்தாம் வகை, 'கறுப்புத் தோல்' ஆறாம் வகை என்பது பின்னால் ஒட்டியது. கவனியுங்க: முதல் நான்கு வகைக்கும் கேள்வி கேட்டுப் பிரிக்கிறார்கள். கடைசி இரண்டுக்கும் நிறத்தைப் பார்த்தாலே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஃபிட்ஸ்பாட்ரிக் மேல் எனக்குக் குறை இல்லை. கதிர் அளவு தெரிய வேண்டியிருந்தது, அதற்கு ஏற்ற கேள்வியைக் கேட்டார். அந்தக் கேள்வியை எல்லாத் தோலுக்கும் முதல் கேள்வியாக்கியதில்தான் என் மறுப்பு.

நம்ம ஊரில் இதைக் கேட்டுப் பாருங்கள். "வெயில்ல நின்னா சிவக்குமா?" "இல்லைங்க, கருத்துப்போகும்." அவ்வளவுதான், ஐந்தாம் வகை. படிவத்தில் அதற்கு நேரே 'அரிதாகவே எரியும்' என்று இருக்கும். அதிலிருந்து 'சன்ஸ்கிரீன் எதுக்கு?' என்ற முடிவுக்கு ஒரு எட்டுதான். உண்மையில் கருந்தோலும் வெயிலில் வேகும். சிவப்பாகத் தெரியாது, சூடாக, இறுக்கமாக, அரிப்பாக இருக்கும், அப்புறம் உரியும்.

சன்ஸ்கிரீன் டப்பாவில் அச்சிடும் எஸ்பிஎஃப் எண்ணும் தோல் சிவப்பதை வைத்தே அளக்கப்படுவது. அந்தச் சோதனை பெரும்பாலும் முதல் மூன்று வகைத் தோல்காரர்கள் மேல் நடந்தது. ஆனால் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே நான்கு முதல் ஆறு வரையான தோலைக் கருக்க வைக்கிறது, இரண்டாம் வகையில் அப்படி நடக்கவில்லை என்று காட்டியது. மங்கு உள்ளவர்களுக்கு இது முக்கியம். அந்த ஒளியைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 50 என்ற எண் இதைப் பற்றி எதுவும் சொல்லாது.

சரி, நம் தோலில் அதிகம் தொல்லை தருவது எது? நிறமிச் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கும் நிறமித் துகள்கள் நமக்குப் பெரியவை, அதிக நாள் நிற்பவை. அதனால் பரு, கொசுக்கடி, கரப்பான், தீக்காயம் என்று எது வந்து போனாலும் கறுப்பு தங்கிவிடுகிறது. நிறமி மேல்தோலில் நின்றால் மாதக்கணக்கில் மங்கும். உள்தோலுக்கு இறங்கினால் வருஷக்கணக்கு. சிலருக்குக் காது குத்திய இடமே மேடாக வளர்ந்து கெலாய்டு ஆகிறது. 'எரியுமா, பழுக்குமா' என்ற கேள்வியில் இதில் ஒன்றுகூட அகப்படாது.

மருத்துவப் படிவம் கேட்காத கேள்விக்கு மருந்துக்கடை அலமாரி பதில் சொல்கிறது. பரு போய்விட்டது, கறுப்பு போகவில்லை. டாக்டர் 'தானா போயிடும்' என்கிறார். கடைக்காரர் ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த கிரீமைக் கொடுக்கிறார். மருத்துவர் பார்வையில் சில வாரம் போட வேண்டியதை வருஷக்கணக்கில் பூசுகிறோம். அதிலுள்ள ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும், பருவைத் திரும்பக் கொண்டுவரும், முடி வளர்க்கும். நிறுத்தினால் முகம் எரியும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சீட்டில்லாமல் கிடைப்பது நிற்கவில்லை. சிவப்பழகு மோகத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்தால் இது புரியாது. பலர் வெள்ளையாக ஆசைப்பட்டு அந்த டியூபை வாங்கவில்லை, தன் பழைய தோலைத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள்.

மாற்று இல்லாமல் இல்லை. வெண்டி ராபர்ட்ஸ் 2008-இல் முன்வைத்த வகைப்பாடு, ஃபிட்ஸ்பாட்ரிக் எண்ணோடு நிறமி தங்கும் தன்மை, தழும்பு வளரும் தன்மை, வெயிலால் வரும் முதுமை ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கிறது. எனக்கு இது பல மடங்கு உருப்படியாகப் படுகிறது. இருந்தும், எங்கும் புழங்குவது பழைய ஆறு வகைதான்.

அதுவரை, லேசரோ பீலிங்கோ செய்துகொள்ளப் போகிறவர்கள் மூன்று விஷயத்தைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்: பரு போன இடத்தில் கறுப்பு எத்தனை மாதம் நிற்கிறது, தழும்பு மேடாக வளர்ந்திருக்கிறதா, இப்போது என்ன கிரீம் பூசுகிறீர்கள். டியூபையே கையோடு எடுத்துப் போனால் இன்னும் நல்லது.