தொட்டிக்கு ஒரு தளம்

திருத்தணி மலையின் 365 படிகளை எண்ணி ஏறுவோர், அடிவாரத்துத் தோட்டமொன்றில் குளியல் தொட்டிக்குக் கான்கிரீட் தளம் போடும் கொத்தனாரின் சாமர்த்தியத்தையும் சற்று நின்று பார்த்தால் நஷ்டமில்லை. ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் கனக்கும். ஆகவே, பொத்தென்று விழுந்த திமிசுக் கட்டையின் ஓசை திண்ணென்று இறுகும்வரை அவர் ஜல்லியைத் தொடுவதில்லை. பிறகு, சிமெண்டு 1, மணல் 2, ஜல்லி 4 என்ற பிரமாணத்தில், நீரை மட்டும் லோபியைப் போல் அளந்து குழைத்த கலவையைக் கொட்டி, கம்பியால் குத்தி, மட்டப்பலகை இழுத்து, சித்தாளிடம் தமிழும் தெலுங்குமாகப் பேசியபடியே மணியாசுக் கட்டையால் வட்டமாகத் தேய்க்கையில் எழும் 'சரக் சரக்' என்ற நாதம் செவிக்கு வெகு இதம்.

ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றதும் அவர் முகத்தில் தோன்றும் திருப்தி அலாதியானது. மறுநாள் வரப்புக் கட்டி நீர் தேக்க வேண்டும். இவ்வூர் வெயிலில் 7 நாளாவது தளம் காயக் கூடாது.