பாலாற்றில் திரும்பிய நாய்கள்: செவ்வாய்க் குடியேற்றம் பற்றி ஒரு குறிப்பு

2025 ஜனவரி 18, சனிக்கிழமை. ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில், பொதுமக்களுக்கென்று வைத்திருக்கும் சின்னத் தொலைநோக்கிக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். செவ்வாய், சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு அது சுமார் 9.6 கோடி கிலோமீட்டர் தொலைவில். இந்த மாதிரி நெருக்கம் ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும். கண்ணை வைத்துப் பார்த்தால், யாரோ பாதி சப்பி வைத்த ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு சின்ன வட்டு, நடுங்கிக்கொண்டு தெரிந்தது. அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் பார்த்த பையனுக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். அப்பாவிடம் கேட்டான்: "அங்க நாம குடி போவோமாப்பா?" "நான் போவ மாட்டேன். நீ போவ," என்றார் அப்பா. வரிசையில் எல்லோரும் சிரித்தோம்.

கீழே இறங்கி ஆலங்காயத்தில் டீ குடிக்க நின்றபோது, கடைப் பெரியவர் மேலே என்ன பார்த்தீங்க என்று விசாரித்தார். செவ்வாய் என்றேன். "அங்க ஆள் அனுப்பப் போறாங்களாமே சார்?" ஆமாம், ஒரேயடியாகக் குடியேற்றுவதைப் பற்றிக்கூடப் பேசுகிறார்கள் என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒரு நல்லது கெட்டதுக்கு எப்படி வந்து போறது?"

எனக்குப் பதில் வரவில்லை. ஊருக்கு வந்ததும், செவ்வாய் பற்றி என்னிடம் இருந்த இரண்டு புத்தகங்களை எடுத்து, இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அந்த வாசிப்பின் குறிப்பு இது.

முதல் புத்தகம் ராபர்ட் சூப்ரின் எழுதிய 'தி கேஸ் ஃபார் மார்ஸ்' (1996). ஒரு காலத்தில் நானும் இவர் கட்சிதான். பொறியாளர் எழுதிய புத்தகம். கனவு விற்காமல் கணக்குப் போட்டுக் காட்டும். அவருடைய திட்டத்தின் உயிர்நாடி ஒரு எளிய யோசனை. ஆட்களை அனுப்புவதற்கு முன்பே, திரும்பி வருவதற்கான கலத்தை ஆளில்லாமல் அனுப்பிவிட வேண்டும். அது கொஞ்சம் ஹைட்ரஜனோடு போய் இறங்கி, செவ்வாய்க் காற்றில் 95 சதவீதம் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, மீத்தேனும் ஆக்சிஜனும் தயாரித்து டாங்கியை நிரப்பிக்கொள்ளும். டாங்கி நிரம்பிவிட்டது என்று தகவல் வந்த பிறகுதான் மனிதர்கள் இங்கிருந்து கிளம்புவார்கள்.

இந்த முறை படிக்கும்போதுதான் உறைத்தது. புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதியே திரும்பும் வழியைப் பற்றியதுதான். போவதற்கு முன் வருவதற்கு ஏற்பாடு செய் என்கிறார். டீக்கடைப் பெரியவரும் இதை ஒத்துக்கொள்வார். ஆனால் பின்பாதியில், குடியேற்றம், கிரகத்தையே பூமி போல மாற்றுவது என்று பேச்சு நகரும்போது, அந்தத் திரும்பும் கலம் சத்தமில்லாமல் காணாமல் போய்விடுகிறது. அதற்குப் பதில் அமெரிக்க மேற்கு எல்லை வந்து நிற்கிறது. எல்லையோர நிலம்தான் அமெரிக்காவை உருவாக்கியது என்று 1893இல் வரலாற்றாசிரியர் டர்னர் சொன்னதை எடுத்துக்கொண்டு, மனித குலத்துக்கு அடுத்த எல்லை செவ்வாய் என்கிறார். அதுவரை கிலோ கணக்கில் பேசிய பொறியாளர், இங்கே உவமையில் பேச ஆரம்பித்துவிடுகிறார். நான் விலகுவது இந்த இடத்தில்தான்.

ஏனென்றால், குடியேற்றத்துக்கு உவமை வேண்டுமானால் நமக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. காவலூர் இருக்கும் மலையிலேயே ஒன்று இருக்கிறது.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுப்பில், ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடிகளின் பூர்வகதை ஒன்று பதிவாகியிருக்கிறது. (கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள்.) கங்குந்தி வேடர்கள், காஞ்சிபுரத்து வேளாளர்களிடம் பெண் கேட்கிறார்கள். மறுத்ததும் ஏழு பெண்களைத் தூக்கிப் போய்விடுகிறார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள், ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். போகும்போது மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: நாய்கள் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், காரியம் செய்துவிடுங்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரையேறிவிட, நாய்கள் பாதி ஆற்றோடு திரும்பிக் காஞ்சிபுரம் போய்விடுகின்றன. வேடர்களைக் கொன்றுவிட்டு இவர்கள் ஊர் திரும்பும்போது, இவர்களுக்குக் கருமாதியே முடிந்திருக்கிறது; மனைவிமார் தாலி அறுத்திருக்கிறார்கள். ஊரில் இனி இடமில்லை. திரும்பவும் மலைப் பக்கம் போய், வேடர் பெண்களையே மணந்துகொண்டு, காடு திருத்தி வெள்ளாமை செய்து, அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

இதை வரலாறு என்று நான் சொல்லவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் காலத்தில் எழுதி வைக்கப்பட்ட ஒரு கதை. மற்ற மலைகளில் வேறு கதைகள் சொல்கிறார்கள். ஆனால் குடியேற்றம் என்றால் என்ன என்பது இந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது. மலை ஏறியதால் மட்டும் அவர்கள் மலைக்காரர் ஆகிவிடவில்லை. ஊரில் அவர்களைச் செத்தவர்களாக எழுதிவிட்ட பிறகுதான் ஆனார்கள். 2012இல் தன் திட்டத்தை அறிவித்த 'மார்ஸ் ஒன்' என்ற டச்சு நிறுவனம், போனால் திரும்ப வழியில்லை என்று அறிவித்தே ஆள் எடுத்தது. 2015இல் அது வெளியிட்ட 100 பேர் பட்டியலில் இந்தியர்களும் இருந்தார்கள். 2019இல் அந்த நிறுவனம் திவாலானது. நல்லவேளை, நாய்கள் கிளம்புவதற்கு முன்பே கதை முடிந்தது.

"ஆனால் உங்கள் கதையில் அவர்கள் பிழைத்துக்கொண்டார்களே" என்று சூப்ரின் கட்சிக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழைத்தார்கள்தான். எதனால் என்று பாருங்கள். மலையில் மூச்சுவிடக் காற்று இருந்தது. ஊற்று இருந்தது. சாமை விளையும் மண் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கிழங்கைத் தின்னலாம், எந்தப் பக்கம் தண்ணீர் என்று அறிந்த மனிதர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். கதையில் வேடர் பெண்கள் ஓரமாகத்தான் வருகிறார்கள்; ஆனால் அவர்கள் இல்லாமல் இரண்டாவது தலைமுறையே கிடையாது. அமெரிக்க எல்லைக் கதையிலும் பூர்வகுடிகளின் பங்கு இதுதான், அதற்கு அவர்கள் கொடுத்த விலை தனி. இந்த இரண்டு கதையிலும் குடியேறியவர்கள் காலி இடத்தில் தனியாகப் பிழைக்கவில்லை.

செவ்வாயில் கைகொடுக்க யாரும் இல்லை. காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரிக்குப் பக்கம். மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருக்கிறது என்று 2008இல் பீனிக்ஸ் கலம் கண்டுபிடித்தது. தைராய்டைக் கெடுக்கும் சமாச்சாரம் அது. கியூரியாசிட்டி போகும் வழியில் அளந்த கதிர்வீச்சை வைத்துக் கணக்கிட்டால், போய்வரும் பயணத்துக்கு மட்டும் சுமார் 660 மில்லிசீவர்ட். ஒரு விண்வெளி வீரருக்கு வாழ்நாள் முழுமைக்கும் நாசா வைத்திருக்கும் வரம்பே 600தான். ஆக்சிஜன்? பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் போன மாக்ஸி என்ற கருவி 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம் தயாரித்தது. ஒரு ஆளுக்கு மூன்றரை மணி நேரத்துக்குக் காணும். கருவி வேலை செய்தது என்பது பெரிய சாதனை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குடித்தனம் நடத்த அது போதாது.

காவலூர்க்காரர்களிடமே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. வைணு பாப்பு இருட்டான வானத்தைத் தேடி இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டபோது, இங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்தது. பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982லேயே போய்விட்டார். பிறகு, மழை மேகம் மறைக்காத வானம் வேண்டுமென்று இதே இந்திய வானியற்பியல் நிறுவனம் லடாக்கில் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்தது. அதை இயக்குகிறவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா? பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொஸகோட்டையில், செயற்கைக்கோள் இணைப்பு வழியாக. ஹான்லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்கு. அதற்கே, ஆளை இறக்கி கருவியை ஏற்று என்று நம் விஞ்ஞானிகள் முடிவெடுத்தார்கள். யாரும் அதைக் கோழைத்தனம் என்று சொல்லவில்லை.

இரண்டாவது புத்தகம் கெல்லி, ஸாக் வீனர்ஸ்மித் தம்பதியின் 'எ சிட்டி ஆன் மார்ஸ்' (2023). ஆர்வத்தோடு ஆராயத் தொடங்கி, சந்தேகத்தோடு முடித்தவர்கள். இவர்களின் பெரிய பலம், எல்லோரும் வெட்கப்பட்டுத் தாண்டிப்போகும் கேள்வியை உட்கார்ந்து கேட்பது: அங்கே குழந்தை பிறக்குமா? செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 சதவீதம். குறைந்த ஈர்ப்பில் மனித உடலுக்கு உள்ள மொத்த அனுபவம், நிலவில் நடந்த 12 பேர். அதிலும் அதிகபட்சம் மூன்று நாள். அந்த ஈர்ப்பில் கருவாகி, பிறந்து, வளர்ந்த பாலூட்டி ஒன்றுகூடக் கிடையாது. அப்படி வளர்ந்த எலும்பு பூமியில் தன் எடையைத் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.

மூடிய கூண்டுக்குள் காற்றையும் பயிரையும் சுழற்சியில் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் நன்றாகச் சொல்கிறார்கள். அரிசோனாவில் 'பயோஸ்ஃபியர் 2' என்ற கண்ணாடிக் கூடத்தில் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் இருந்தார்கள். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14 சதவீதம் அளவுக்கு இறங்கி, வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. கதவுக்கு வெளியே பூமி இருந்ததால் சமாளித்தார்கள்.

எனக்கு இந்தப் புத்தகத்தோடும் ஒரு சண்டை உண்டு. பக்கத்துக்குப் பக்கம் ஜோக் அடிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முடிவில் அவர்கள் சொல்வது, பொறுத்திருந்து பிறகு பெரிதாகப் போகலாம் என்பது. அதாவது நோக்கம் சரி, நேரம்தான் சரியில்லை. எனக்கு நோக்கத்தின் மேலேயே கேள்வி இருக்கிறது. பெரியவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்கலாம், அது அவர்கள் விருப்பம். இறங்கி வர முடியாத மேட்டில் ஒரு பிள்ளையைப் பெற்று வைக்கும் உரிமை அவர்களுக்கு எப்படி வந்தது? வரிசையில் அந்த அப்பா விளையாட்டாகச் சொன்னாரே, "நான் போவ மாட்டேன், நீ போவ" என்று. குடியேற்றத் திட்டங்கள் அதையே விளையாட்டில்லாமல் சொல்கின்றன.

மிச்சமிருப்பது காப்பு வாதம். 2016இல் எலான் மஸ்க் மெக்சிகோவில் பேசியபோது முன்வைத்தது: பூமிக்கு ஏதாவது ஆனால் மனித இனம் தொடர, செவ்வாயில் பத்து லட்சம் பேர் வேண்டும். டைனோசர்களை அழித்த விண்கல்லை உதாரணம் காட்டுவார்கள். இதற்கும் பதில் காவலூரிலேயே இருக்கிறது. 1980களின் இறுதியில் ஆர். ராஜமோகன் குழுவினர் இங்கிருந்து குறுங்கோள்களைத் தேடினார்கள். அந்தத் திட்டத்துக்குக் கல்கி என்று பெயர். 1988இல் கண்டுபிடித்த ஒன்றுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபஸ் என்ற சின்னக் கல்லில் மோதி, அதன் சுற்றுக் காலத்தை அரை மணி நேரத்துக்கும் மேல் குறைத்துக் காட்டியது. முன்கூட்டியே கண்டுபிடி, தள்ளிவிடு. இது 800 கோடி பேரையும் காப்பாற்றும் வழி. தவிர, அந்த விண்கல் விழுந்த மறுநாளும் பூமியில் காற்று இருந்தது, கடல் இருந்தது. செவ்வாயின் மிக நல்ல நாளில்கூட அவை கிடையாது.

அப்படியென்றால் போகவே கூடாதா? போகலாம், போகவும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது டிவி முன்னால் கைதட்டியவன் நான். ஒரு நாள் மனிதரும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அன்டார்டிகாவில் மைத்ரியும் பாரதியும் நடக்கின்றன. ஆள் மாற்றி ஆள் போகிறார்கள், முறை முடிந்ததும் வீடு திரும்புகிறார்கள். அந்த நிலையங்களில் யாரும் பிள்ளை குட்டியோடு பட்டா கேட்கவில்லை. செவ்வாய்க்கும் அந்த வழி போதும். சூப்ரினின் முன்பாதி எனக்குச் சம்மதம்: திரும்பும் கலம் முதலில் போகட்டும், டாங்கி நிரம்பட்டும். அங்கே பிறக்கும் பிள்ளை, வேண்டாம் என்று தோன்றும் நாளில் இங்கே வந்து தன் காலில் நிற்க முடியும் என்று நிரூபிக்கப்படும் வரை, பின்பாதி வேண்டாம்.

அடுத்த முறை காவலூர் போனால், ஆலங்காயத்தில் அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்ல வேண்டும். வேலையாகப் போனவர்கள் வந்துவிடுவார்கள், குடி போனவர்கள் வர மாட்டார்கள் என்று. அவருக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.