கோலுக்கு முந்தைய ஒரு தொடுகை

2023 ஆகஸ்ட் 4. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஆட்டம். எதிரே ஜப்பான். அன்று இந்தியாவுக்குக் கிடைத்த பெனால்டி கார்னர்கள் 15. விழுந்த கோல் ஒன்றே ஒன்று. ஆட்டம் 1-1 என்று முடிந்தது.

ஹாக்கியை நேசிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தரும் வலி வேறு யாருக்கும் புரியாது. தோற்றால்கூட மனம் ஆறிவிடும். எதிரணி சிறப்பாக ஆடியது என்று சொல்லிக்கொள்ளலாம். பந்து முழுக்க நம்மிடம், ஆட்டம் முழுக்க அவர்கள் பக்கம், வாய்ப்புக்கு மேல் வாய்ப்பு, ஆனால் கோல் மட்டும் வராது என்றால் யாரை நொந்துகொள்வது? ஒவ்வொரு கார்னருக்கும் அரங்கம் எழுந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அப்படியே உட்காரும்.

இதே அணிதான் ஒரு வாரம் கழித்து, அதே மைதானத்தில், அதே ஜப்பானை அரையிறுதியில் 5-0 என்று வென்றது. அந்த ஐந்து கோல்களையும் ஐந்து பேர் அடித்தார்கள். அவர்களில் ஒருவர் அரியலூர்க்காரரான கார்த்தி செல்வம். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்திய ஹாக்கியின் நோயும் மருந்தும் ஒன்றாகத் தெரிந்துவிடும். கோலை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும் நாளில் நாம் திணறுகிறோம். முன்வரிசையில் எல்லோரும் கோலுக்குப் பசித்திருக்கும் நாளில் நம்மைத் தடுக்க ஆளில்லை.

அந்த ஒருவரின் கலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஹர்மன்பிரீத் சிங்கின் டிராக் ஃபிளிக் இன்றைய ஹாக்கியின் பேரழகுகளில் ஒன்று. பெனால்டி கார்னரில் மைதானத்தின் பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுகிறார். வட்டத்தின் விளிம்பில் இன்னொருவர் அதை நிறுத்துகிறார். ஃபிளிக் செய்பவர் ஓடிவந்து, கால்களைக் குறுக்காக வைத்து, உடம்பை மிகத் தாழ்த்தி, ஸ்டிக்கின் வளைவில் பந்தை ஏந்தித் தரையோடு இழுத்துக்கொண்டே நீண்ட ஓர் எட்டு வைக்கிறார். இடுப்பு திரும்புகிறது, தோள் திரும்புகிறது, கடைசியில் மணிக்கட்டு. பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகிறது. முகக்கவசம் அணிந்த தடுப்பாளர் எதிரே ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பெனால்டி கார்னரில் முதல் அடியை ஓங்கி அடித்தால் பந்து 46 சென்டிமீட்டர் உயரப் பலகையைத் தாண்டி மேலே போகக்கூடாது. இழுத்து வீசினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்த விதிதான் டிராக் ஃபிளிக்கை வளர்த்தது. பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் சர்வதேச ஆட்டங்களில் 348 கோல்கள் அடித்ததும் இந்தக் கலையால்தான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கோல்கள் 15. அவற்றில் 10 ஹர்மன்பிரீத்துடையவை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என்று வென்றபோது அந்த இரண்டும் அவருடைய பெனால்டி கார்னர் கோல்கள். ஒரு கேப்டனாக அவர் செய்ததற்கு நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் பதினைந்தில் பத்து என்பது ஒரு வீரரின் பெருமை. அணிக்கு அது எச்சரிக்கை. காலிறுதியில் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகும் பத்துப் பேராக நின்று பிரிட்டனைச் சமாளித்த நெஞ்சுரம் இந்த அணிக்கு உண்டு. அவ்வளவு உறுதி படைத்தவர்கள் பந்தை வலைக்குள் திருப்பத் தயங்குவதைப் பார்க்கும்போதுதான் ஆற்றாமை பொங்குகிறது.

ஹாக்கியில் கோல் என்பதற்கே ஒரு தனி இலக்கணம் இருக்கிறது. கால்பந்தில் எங்கிருந்து உதைத்தாலும் வலைக்குள் விழுந்தால் கோல். இங்கே அப்படியில்லை. கோலிலிருந்து 14.63 மீட்டரில் வரைந்திருக்கும் வட்டத்துக்குள் தாக்கும் அணியின் ஸ்டிக் ஒன்று பந்தைத் தொட்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து எவ்வளவு பலமாக அடித்து, யாரும் தொடாமல் பந்து பலகையில் மோதினாலும் அது கோல் ஆகாது. ஆக, இந்த ஆட்டத்தின் உயிர் அந்த ஒரு தொடுகையில் இருக்கிறது. அது பலமான அடியாக இருக்கத் தேவையில்லை. உரசல் போதும்.

அந்த உரசலைச் செய்கிற முன்கள வீரரைக் கவனித்துப் பார்ப்பது எனக்குப் பெரிய விருந்து. வலது ஓரத்தில் யாரோ பந்தோடு ஓடுகிறார். எல்லாக் கண்களும் அங்கே. இவர் தடுப்பாளரின் முதுகுக்குப் பின்னால் ஓர் அடி நகர்கிறார். வெளியே போவதுபோல் தோளை அசைத்துவிட்டு, சட்டென்று கோல் கம்பத்தை நோக்கிப் பாய்கிறார். ஸ்டிக்கைத் தரையோடு கிடத்தி, அதன் முகத்தைச் சற்றே சாய்த்து வைக்கிறார். குறுக்கே சீறிவரும் பந்து அதில் பட்டுத் திசை மாறினால் கோல்கீப்பர் கிடையாது, கவசம் கிடையாது. பலகையில் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கோலின் அகலம் 3.66 மீட்டர். ஸ்டிக் ஒரு விரற்கடை கூடுதலாகச் சாய்ந்தால் பந்து வெளியே. கைகள் இறுகியிருந்தால் பந்து எகிறிவிடும். தளர்ந்திருந்தால் ஸ்டிக் பிடுங்கிக்கொண்டு போகும். மோர்சிங் வாசிப்பவரின் விரலுக்கு இருக்கும் பதம் அந்தக் கைக்கு வேண்டும்.

பாரிஸ் அரையிறுதியில் இந்தக் கலை இரண்டு முறை வெளிப்பட்டது. ஹர்மன்பிரீத் வீசிய பந்தைச் சுக்ஜீத் சிங் தொட்டுத் திருப்பி 2-2 ஆக்கினார். அழகான கோல் அது. 54-வது நிமிடத்தில் ஜெர்மனியின் மார்கோ மில்ட்காவ் கோலுக்கு எதிரே வந்த பந்தை உள்ளே திருப்பினார். 3-2. நமக்கும் இறுதி ஆட்டத்துக்கும் இடையில் இருந்தது அந்த ஒரு தொடுகை.

ராஞ்சியில் 2024 ஜனவரியில் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் நம் பெண்கள் அணி ஜப்பானிடம் 0-1 என்று தோற்றுப் பாரிஸுக்கே போக முடியாமல் நின்றதை நினைத்தால் இன்னும் மனம் கசக்கிறது. அதற்கு ஓராண்டு முன்பு ஒடிசா உலகக் கோப்பையில் ஆண்களுக்கும் இந்தக் கோல் வறட்சிதான் நேர்ந்தது. இங்கிலாந்தோடு 0-0. அதனால் பிரிவில் முதலிடம் பெற வேல்ஸை எட்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டிய நிலை. 4-2தான் முடிந்தது. நேராகக் காலிறுதிக்குப் போயிருக்க வேண்டியவர்கள் நியூசிலாந்தோடு கூடுதலாக ஓர் ஆட்டம் ஆட வேண்டியதாயிற்று. 3-1 என்று முன்னிலை பெற்றும் 3-3 ஆகி, ஷூட்அவுட்டில் வெளியேறினார்கள். முதல் சுற்றில் அடிக்காத கோல்களுக்கு அங்கே வட்டி கட்டினோம்.

ஏன் இப்படி? பந்தைக் கடத்திக்கொண்டு போவதில்தான் நம் ரசனை ஊறியிருக்கிறது என்பது என் கணிப்பு. முகமது ஷாகித்தின் டிரிப்ளிங்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். 1980 மாஸ்கோவில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர் சுரிந்தர் சிங் சோதி. அந்தப் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 1976 மான்ட்ரியலில் செயற்கைப் புல்தரை வந்தது. தொண்ணூறுகளில் ஆஃப்சைடு விதி போனது. அதன்பின் கோல் வாசலில் நிற்கத் தெரிந்த முன்கள வீரருக்குத்தான் காலம். ஐரோப்பியர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். நாம் அழகாக ஓடிக்கொண்டிருந்தோம்.

நம்மிடம் அப்படிப்பட்டவர்களே இல்லாமல் போகவில்லை. ககன் அஜித் சிங், தீபக் தாக்குர், பிரப்ஜோத் சிங் மூவரும் சேர்ந்து 2001-இல் ஹோபார்ட்டில் ஜூனியர் உலகக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். மூவருக்கும் வட்டத்துக்குள் நுழைந்தால் ஒரே எண்ணம்தான். 2025 ஆசியக் கோப்பை இறுதியில், ராஜ்கிரில், தென்கொரியாவுக்கு எதிராக தில்பிரீத் சிங் இரண்டு கோல் அடித்தபோது அந்தப் பழைய வாடை அடித்தது. ஆட்டம் 4-1. அது ஒரு நாள் கூத்தாகிவிடக் கூடாது.

கார்த்தி செல்வத்தை இங்கே மறுபடி சொல்லியாக வேண்டும். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தேறியவர். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே 9-வது நிமிடத்தில் கோல் போட்டார். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக ஆண்டுதோறும் அகில இந்திய அணிகள் வந்து ஆடும் ஊர் கோவில்பட்டி. அந்த ஊரிலும், ஹாக்கி உயிரோடிருக்கும் மற்ற ஊர்களிலும் பயிற்சி தருகிறவர்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பம்: பிள்ளைகளுக்கு டிரிப்ளிங் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் பாதியை, கோல் வாசலில் குனிந்து நின்று பந்தைத் திருப்பக் கொடுங்கள்.

ரசிகர்களிடமும் ஒன்று. அடுத்த முறை இந்தியா ஆடும்போது ஒரு கால்மணி நேரம் பந்தை விட்டுவிட்டு, கம்பத்தருகே இருக்கும் முன்கள வீரரை மட்டும் பாருங்கள். அவர் ஸ்டிக் தரையில் இருக்கிறதா, தடுப்பாளருக்கு முன்னால் வருகிறாரா என்று பாருங்கள். அவர் சரியான இடத்துக்கு வந்து நின்றும் பந்து வராமல் போனால், அந்த ஓட்டத்துக்கும் கைதட்டுங்கள்.