கதைக்குப் பின்னால் ஒட்டப்படும் நீதி: சில குறிப்புகள்

பிள்ளைகளுக்குக் கதை மூலம் கற்பிக்க வேண்டும் என்பதைப் புகலிடத்தில் எவரும் மறுப்பதில்லை. தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாக்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் மலர்களின் வாழ்த்துரைகளிலும் இவ்வசனம் தவறாமல் இடம்பெறுகிறது. எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளும் கருத்தைச் சற்றுச் சந்தேகத்துடன் பார்ப்பது நல்லது. எந்தக் கதை? யார் சொல்வது? சொல்லி முடிந்தபின் பிள்ளைக்கு வாய் திறக்க இடமுண்டா? இக்கேள்விகளை விட்டுவிட்டுக் கதையின் வலிமை பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

கதை வழிக் கல்வி நமக்குப் புதிதல்ல. பஞ்சதந்திரத்தின் தொடக்கமே ஒரு கல்விப் பிரச்சினைதான். படிப்பு ஏறாத மூன்று இளவரசர்கள். ஆறு மாதத்தில் அவர்களைத் தேற்றி விடுகிறேன் என்று பொறுப்பேற்கும் விஷ்ணு சர்மன். அவர் துணைக்கு அழைத்தது சிங்கத்தையும் எருதையும் நரியையும். ஆனால் அவை ஆளப் பிறந்தவர்களுக்கு ஆளக் கற்பித்த கதைகள். யாரை நம்புவது, யாரை யாரிடமிருந்து பிரிப்பது என்பவையும் அவற்றின் பாடங்களே. கதை ஒருபோதும் மருந்தின் மேல் தடவிய வெறும் சீனி அல்ல.

குஜராத்தின் பவநகரில் 1920இல் சிறுவர் பள்ளியொன்றைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா (1885-1939) வக்கீல் தொழிலை விட்டு ஆசிரியரானவர். 1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய நூல் தமிழிலும் 'பகல் கனவு' என்ற பெயரில் வந்திருக்கிறது. நான்காம் வகுப்பொன்றை ஒரு வருடப் பரிசோதனைக்காகப் பெறும் ஆசிரியன் ஒருவனின் கற்பனைக் கதை அது. முதல் நாள் அவன் போட்ட திட்டமெல்லாம் பிள்ளைகளின் கூச்சலில் அடிபட்டுப் போகிறது. பிறகு ஒரு ராஜா கதையைத் தொடங்குகிறான், வகுப்பு அடங்குகிறது. நமது கல்வியாளர்கள் இந்நூலைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். கதை சொன்னால் பிள்ளைகள் குழப்படி செய்யாமல் இருப்பார்கள் என்பதே அவர்கள் கண்ட முடிவு. நமக்கோ நூலின் பலம் அதற்குப் பின்னால்தான் தெரிகிறது. கதைப் புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்குப் போகின்றன. கேட்ட கதைகளை அவர்களே நடிக்கிறார்கள். கதை ஆசிரியனின் கையை விட்டுப் போகும் இடத்தில்தான் கல்வி தொடங்குகிறது.

நமது வார இறுதி வகுப்புகளில் நடப்பது இதற்கு எதிர்மாறு. நாம் அறிந்த ஒரு வகுப்பில் காகமும் வடையும் கதை நடந்தது. ஏமாறக்கூடாது என்பது நீதி. எட்டு வயதுப் பிள்ளையொன்று எழும்பி, "வடை பாட்டியின்ரதானே? காகமும் களவுதானே எடுத்தது? பிறகேன் காகத்துக்குப் பாவம் பார்க்க வேணும்?" என்று கேட்டது. அன்றைய வகுப்பில் கதையை உண்மையாகக் கேட்டது அந்தப் பிள்ளை ஒன்றுதான். அதற்குக் கிடைத்த பதில், நீதியைக் கொப்பியில் மூன்று தரம் எழுது என்பது. நோட்ஸ் எழுதி, ரியூட்டரியில் மனனம் செய்து பல்கலைக்கழகம் போய், அதையும் பாதியில் விட்டு வந்த நமக்கு இந்தப் பதில் நன்கு பரிச்சயமானது.

இது ஏதோ சிறுபிள்ளை விவகாரம் என்று ஒதுக்க வேண்டாம். கேள்விக்கு இடம் வைக்காத கதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? மகாவம்சத்தின் 22ஆம் அத்தியாயத்தில் சிறுவன் கெமுனு படுக்கையில் கைகால்களை முடக்கிப் படுத்திருக்கிறான். ஏனென்று தாய் கேட்க, ஒருபுறம் தமிழர், மறுபுறம் கடல், எப்படி நீட்டிப் படுப்பேன் என்கிறான். முடங்கிப் படுக்காத பிள்ளை உலகில் உண்டா? அதனால்தான் இக்கதை எந்த விளக்கவுரையும் இல்லாமல் பிள்ளையின் உடம்புக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அதே நூல் எல்லாளனின் ஆராய்ச்சி மணியையும் சொல்கிறது. கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலிலிட்ட நீதியையும், வென்ற கெமுனு எல்லாளனின் சமாதிக்கு மரியாதை செய்யக் கட்டளையிட்டதையும் சொல்கிறது. இவையெல்லாம் பின்னுக்குப் போய், முடங்கிப் படுத்த சிறுவனே முன்னுக்கு நிற்கிறான்.

நமது பக்கமும் சுத்தமல்ல. மணியை வைத்துக்கொண்டோம், அந்த மணியைப் போற்றி எழுதியது ஒரு பிக்குவின் நூல் என்பதை விட்டுவிட்டோம். இலங்கை இராணுவத்தில் 1962இல் உருவான படைப்பிரிவொன்றின் பெயர் கெமுனு வோச். 2007 ஒக்ரோபரில் அனுராதபுரம் விமானப்படைத் தளத்தின் மீது புலிகள் நடத்திய தாக்குதலின் பெயர் எல்லாளன் நடவடிக்கை. கதையின் வலிமைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சிக்காகோவில் பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்த விவியன் பேலி (1929-2019) வேறொரு வழியைக் காட்டினார். பிள்ளை தன் கதையைச் சொல்லும். ஆசிரியை அப்படியே எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே கூடி அதை நடிக்கும். நீதி இல்லை, புள்ளி இல்லை. 1990இல் வந்த அவரது நூலொன்று, தன்னை ஹெலிகொப்டராகவே நினைத்துக்கொண்டு எவரோடும் சேராத ஒரு சிறுவனைப் பற்றியது. மற்றப் பிள்ளைகள் அவனுடைய ஹெலிகொப்டருக்குத் தங்கள் கதைகளில் இடம் கொடுக்கிறார்கள். அந்தக் கதைகள் வழியாகவே அவன் மெல்ல மெல்ல அவர்களிடம் வந்து சேர்கிறான்.

நமது வீடுகளிலும் ஒரு ஹெலிகொப்டர் உண்டு. வானத்தில் அதன் இரைச்சல் கேட்டதும் தகப்பனின் கை அப்படியே நின்றுவிடுகிறது. பிள்ளை அதைக் கவனிக்கிறது, ஏனென்று கேட்கிறது. நாம் பதிலுக்கு, "நாங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தனாங்கள், நீ படி" என்கிறோம். அது கதையல்ல, கதையை வெட்டியெறிந்துவிட்டு மிச்சம் வைத்த நீதி. பதினொரு மணித்தியாலம் குசினியில் நின்று வருபவனிடம் கதை கேட்கலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். நாமும் கோப்பை கழுவுபவர்கள்தான். அந்தக் களைப்பு நமக்கும் தெரியும். ஆனால் ஏசுவதற்கு மிஞ்சும் சத்து, பதுங்கு குழிக்குள் யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன சாப்பிட்டோம், எதற்குச் சிரித்தோம் என்று சொல்லவும் போதும்.

பிள்ளை திருப்பிச் சொல்லும் கதையில் பாதி பிரெஞ்சாகவோ டொச்சாகவோ இருக்கும். இருக்கட்டும். முதலில் அதை எழுதிக்கொள்வோம், எழுத்துப்பிழையைப் பிறகு பார்க்கலாம். கெமுனுவையும் எல்லாளனையும் ஒரே நாளில், இரண்டு பக்கத்துக் கதைகளாகவும் சொல்வோம். காகத்தின் களவைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு முதல் வரிசையில் இடம் கொடுப்போம். அப்பிள்ளை நாளை நம்மிடம் கேட்கப்போகும் கேள்விகள் வடையைப் பற்றியனவாக இருக்கப்போவதில்லை.