வளரவிடாத அன்பு

பதினெட்டு ஆண்டுகள் நிறைந்தால் ஒருவர் பெரியவர் ஆகிவிட்டார் என்கிறது சட்டம். ஆனால் மனம் நாட்காட்டியைப் பார்த்து முதிர்வதில்லை. தானே முடிவெடுத்து, தவறு செய்து, திருத்திக்கொண்டு, நண்பர்களோடு பிணங்கி, மீண்டும் கூடித்தான் அது முதிர்கிறது. இவ்வாய்ப்புகள் ஓர் இளைஞருக்கு மறுக்கப்பட்டால் என்ன நேரும்? 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிரிப் கேம்ப்' என்னும் அமெரிக்க ஆவணப்படம் இக்கேள்வியை எழுப்புகிறது. நிக்கோல் நியூனமும் ஜேம்ஸ் லெப்ரெக்டும் இதனை இயக்கியுள்ளனர்.

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்காக 'ஜெனட்' என்ற கோடை முகாம் நடந்துவந்தது. முதுகெலும்பு முழுமையாக மூடாத நிலையில் பிறந்த லெப்ரெக்ட், தம் பதின்வயதில் அங்கே சென்றவர். 1971-இல் அம்முகாமில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைக் காட்சிகளே இப்படத்தின் உயிர். ஓரிடத்தில் இளைஞர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது நோயைப் பற்றியன்று. பெற்றோரின் அளவுமீறிய பாதுகாப்பைப் பற்றி, தமக்கெனத் தனிமை கிடைக்காததைப் பற்றி. பேச்சு தெளிவாக வராத ஒரு பெண் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். இக்காட்சியைக் கூர்ந்து பாருங்கள்.

நடக்கவோ உண்ணவோ உதவி தேவைப்படுவது வேறு. முடிவெடுக்கவும் பிறரையே நம்பியிருப்பது வேறு. முன்னது உடலின் நிலை. பின்னது பெரும்பாலும் பழக்கத்தால் வருவது. மாற்றுத்திறனாளி இளைஞரிடையே மனச்சோர்வும் பதற்றமும் மற்றவரைவிட மிகுதி என ஆய்வுகள் காட்டுகின்றன. உடற்குறை மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்வது தவறு. தனிமை, கேலி, வேலையின்மை, தன் வாழ்வு தன் கையில் இல்லை என்ற உணர்வு ஆகியவற்றுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

மற்றொரு செய்தியும் மறக்க முடியாதது. பெருமூளை வாதம் உடைய டெனிஸ் ஜேக்கப்சனுக்குக் கடும் வயிற்றுவலி. குடல்வால் அழற்சி எனக் கருதி மருத்துவர் அறுவை செய்தார். குடல்வாலோ நன்றாகவே இருந்தது! உண்மையான காரணம் ஒரு பால்வினை நோய். இத்தகைய பெண்ணுக்கும் காதல் வாழ்வு இருக்கக்கூடும் என்று மருத்துவருக்குத் தோன்றவே இல்லை. வெளியே தெரியும் குறைபாடு, உள்ளே இருக்கும் நோயை இவ்வாறு மறைத்துவிடுகிறது. மனச்சோர்வுக்கும் இதே கதிதான்: 'அவனுக்கு உடம்பு அப்படி, அதனால் சோர்ந்திருக்கிறான்' என்று வீட்டாரும் மருத்துவரும் சொல்லிவிடுவர், சிகிச்சை கிடைக்காமல் போகும்.

படத்தின் பிற்பகுதி போராட்ட வரலாறு. இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்ட ஜூடி ஹியூமன், 1970-இல் ஆசிரியர் உரிமம் மறுக்கப்பட்டு வழக்காடி வென்றவர். 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் அரசுக் கட்டடத்துள் மாற்றுத்திறனாளிகள் மூன்று வாரங்களுக்கும் மேலாகத் தங்கிப் போராடியபோது முன்னின்றவரும் அவரே. பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் கையெழுத்தாயின.

இங்கேதான் படத்தின் குறையும் தெரிகிறது. முகாமின் மகிழ்ச்சியிலிருந்து வெற்றி ஊர்வலத்துக்கு அது விரைந்து தாவுகிறது. முகாம் முடிந்து வீடு திரும்பிய இளைஞர், பள்ளியும் இல்லாமல் வேலையும் கிடைக்காமல் கழித்த ஆண்டுகள் எங்கே? கூட்டத்தில் எழுந்து பேச இயலாதவர்களின் மனம் எங்கே? அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையோர், வில்லோபுரூக் விடுதியின் கொடுமைக் காட்சிகளில் இரக்கத்துக்குரிய உருவங்களாகத் தோன்றுகிறார்களே தவிர, அவர்கள் குரல் கேட்பதில்லை. சுதந்திரம் கிடைத்தால் மனம் தானே நலம்பெறும் என்ற எண்ணமும் பார்ப்பவருக்கு ஏற்படலாம். அது போதாது. தேவைப்படுவோருக்கு மனநலச் சிகிச்சையும் வேண்டும். தொடர்ந்த துணையும் வேண்டும்.

ஆயினும் மாணவர்கள் காணவேண்டிய படம் இது. பார்த்தபின் ஒன்று செய்யுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் உங்கள் வகுப்புத் தோழனுக்கு என்ன வேண்டும் என்பதை அவனுடைய அம்மாவிடம் கேட்காதீர்கள். அவனிடமே கேளுங்கள், அவன் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.