உப்புக் காற்றும் ஒரு துளி ஈயமும்

தில்லையடியில் போன் வாங்குவது பெரிய காரியமில்லை, அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. புத்தளம் களப்புப் பக்கமிருந்து வீசும் உப்புக் காற்று, சார்ஜர் குத்தும் வாய்க்குள் புகுந்து செம்பில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். எங்கள் தெருவில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த ஒரு தம்பி, உம்மாவின் தையல் மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு இதற்கு வைத்தியம் பார்க்கிறான்.

அவன் ஈயம் வைப்பதைப் பார்க்க வேண்டும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி; 183 பாகை செல்சியஸில் இளகும் நிலையே இல்லாமல் நேராக உருகும். முதலில் ஃப்ளக்ஸ் தடவுகிறான், அது உலோகத்தின் மேலுள்ள துருப்படலத்தை அகற்றும். பிறகு சூட்டுமுனையை வைக்கிறான். ஈயம் பளபளவென்று பரவி, ஓரத்தில் சரிந்து நின்றால் பற்று நல்லது. மங்கி உருண்டையாக நின்றால் உருக்கி மறுபடி வைப்பான். யாரும் பார்க்காத இடத்தில்கூட அவன் மங்கலை விடுவதில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

அவனுடைய மூத்தம்மா 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்தவர். இன்று அவன் திருத்திய பழைய போனில்தான், மன்னாருக்குத் திரும்பிப்போன தங்கச்சியின் முகம் பார்த்துப் பேசுகிறார்.

பழுதான போனை வீசிவிடாதீர்கள். உங்கள் ஊரிலும் இப்படியொரு பிள்ளை இருப்பான், முதலில் அவனிடம் காட்டுங்கள்.