தூதனுக்கு ஆள் இருந்தால் கூத்துக்கு ஆயுள்

காமன் எரிவான் என்பது கம்பம் ஊன்றும்போதே எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் நாள் எழும்புவான் என்பதும் தெரியும். மறைத்து வைக்க இந்தக் கதையில் எதுவுமில்லை. ஆனாலும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் காமன் பொட்டலில் கம்பம் நிற்கிறது. பௌர்ணமி வரை தப்புச் சத்தம் லயத்துக்கு லயம் போகிறது. முடிவு தெரிந்த ஓர் ஆட்டம் நூறு வருஷத்துக்கு மேலாக எப்படிக் களத்தில் நிற்கிறது?

இதே கேள்வியோடு மல்லாடும் இன்னொரு கூட்டம் உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகத்துக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து விளையாடும் ஒன்லைன் கேம்களைச் செய்பவர்கள் அவர்கள். புதுக்கதை எழுதிப் போட்டால் சில வாரங்களில் ஆட்டக்காரர்கள் முடித்துவிடுகிறார்கள். பிறகும் அவர்களை உள்ளே வைத்திருப்பது எது? காமன் கூத்தையும் கேமையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஆளை இழுத்து வருவது கதை. பிடித்து வைத்திருப்பது வேடங்களுக்குள் இருக்கும் வேலைப் பங்கீடு.

வேடம் வேடமாக

கூத்தின் கதை சுருக்கமானது. சிவன் தவத்தில் இருக்கிறார். அதைக் கலைக்கத் தேவர்கள் காமனை, அதாவது மதனை, அனுப்புகிறார்கள். அவன் மனைவி ரதி வேண்டாம் என்று தடுக்கிறாள். மதன் கேட்காமல் போய் மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான். ரதி அழுது மன்றாடி அவனை மீட்கிறாள்.

இதில் ஓட்டம் முழுக்க ரதி, மதன் இருவர் தலையில்தான். திருமணம், வழக்காட்டம், பிரிவு என்று இரவுக்கு இரவு அடவு மாறாமல் ஆட வேண்டும். ரதி வேடம் கட்டுபவர் பெரும்பாலும் ஓர் இளைஞர். மதன் எரிந்த பிறகு ஒப்பாரி முழுவதும் அவர் குரலில்தான் நிற்கிறது. ராத்திரி முழுக்க ஆடிக் களைத்த உடம்போடு, விடியப்போகும் நேரத்தில் கூட்டத்தை அழவைக்க வேண்டும். கூத்திலேயே கடினமான வேலை இதுதான் என்பேன்.

தூதன் வேறு வகை. சிவன் பக்கத்திலிருந்து எச்சரிக்கை கொண்டு வருபவன். களத்தில் நிற்கும் நேரம் குறைவு. ஆனால் ஆட்டத்தின் வேகத்தை மாற்றுவது அவன்தான். அதுவரை இருவரின் ஆட்டத்தில் லயித்திருந்த கூட்டம், அவன் பாய்ந்து வந்ததும் சிதறி ஒதுங்குகிறது. பிள்ளைகள் தாய்மாரின் சேலைக்குப் பின்னால் ஒளிகிறார்கள். அடுத்து வீரபத்திரன். உரு ஏறி வரும் அவனைப் பிடித்து நிறுத்தத் துணைக்கு ஆட்கள் வேண்டும். எமன் வந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருள். இந்த மூன்று வேடங்களும் நேர்த்திக்கடனாகவே கட்டப்படுகின்றன. விரதமிருந்து இறங்குபவருக்குக் கைதட்டல் முக்கியமில்லை.

கண்ணில் படாத வேலைகள் இன்னும் இரண்டு. ஒன்று காமன் மாஸ்டருடையது. பாட்டு, வரிசை, எந்த வேடம் எப்போது இறங்குவது என்பதெல்லாம் அவர் நெஞ்சில்தான் இருக்கும். மற்றது தப்பு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். மாசிப் பனியில் தோல் தளர்ந்துவிடும். தீ மூட்டிக் காய்ச்சிக் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். ஒரு செட் களத்தில் முழங்கும்போது இன்னொன்று நெருப்பில் காய வேண்டும். அந்தச் சுழற்சி தவறினால் வீரபத்திரனுக்கு உருவும் ஏறாது, ரதிக்கு அடவும் நிற்காது.

ஒருவரை எடுத்துவிட்டால் மற்றவர் தடுமாறுகிறார். இந்த ஆட்டத்தின் பலமே அதுதான்.

கேமில் நடந்தது

1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்’ காகிதத்திலும் பகடையிலும் ஆடப்பட்டது. அதில் வேட வகைகள் மூன்றே மூன்று: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. கேமர்கள் இந்த வகையைக் கிளாஸ் என்பார்கள். திருடன் அடுத்த வருஷம்தான் சேர்ந்தான். பின்னால் வந்த ஒன்லைன் கேம்கள் இந்த விதையிலிருந்து முளைத்தவை. அடி வாங்கி நிற்பவன், காயம் ஆற்றுபவன், எதிரியை வீழ்த்துபவன் என்று மூன்று வேலைகள் அங்கே நிலைத்தன.

2004இல் வந்த ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ ஒன்பது கிளாஸ்களோடு தொடங்கியது. இரண்டு அணிகளில் பலடின் ஓர் அணிக்கு மட்டும், ஷாமன் மற்ற அணிக்கு மட்டும் என்று பிரித்திருந்தார்கள். இரண்டு அணியையும் சமமாக வைப்பது பெரும்பாடானது. 2007இல் அந்த வேலியை எடுத்து, இரு பக்கத்துக்கும் இரண்டையும் கொடுத்தார்கள். சமநிலை கிடைத்தது, ஆனால் அணியின் தனித்தன்மை கொஞ்சம் போனது. 2008இல் டெத் நைட் என்ற புதுவேடம் வந்தது. அது வந்த விதம்தான் அழகு. அந்த வேடத்தை எடுப்பவர் கதையின் வில்லனுக்கு அடிமையாகவே ஆட்டத்தைத் தொடங்குகிறார்; பிறகுதான் விடுபடுகிறார். வேடம் தன் கதையையும் சுமந்துகொண்டு வந்தது.

2012இல் ‘கில்ட் வோர்ஸ் 2’ எதிர்த்திசையில் போனது. காயம் ஆற்றத் தனி ஆள் எதற்கு, அவரவர் காயத்தை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்த வேலையைப் பிரித்துப் பங்கு போட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. களத்தில் ஒருவருக்கு ஒருவர் தேவைப்படவில்லை என்ற குறை எழுந்தது. 2015க்குப் பிறகு, மற்றவரைத் தாங்கும் வேடங்கள் அங்கேயும் மெல்லத் திரும்பின.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஜப்பானின் ‘ஃபைனல் ஃபேன்டசி 14’. 2010இல் வந்த முதல் வடிவம் படுதோல்வி. செய்தவர்கள் அதை மறைக்கவில்லை. 2012 நவம்பரில் ஒரு நிலவு விழுந்து உலகம் அழிவதாகக் கதைக்குள்ளேயே காட்டி கேமை மூடினார்கள். 2013 ஓகஸ்ட்டில் அதே உலகம் புதிதாக எழுந்தது. எரித்துவிட்டு எழுப்பும் வித்தையை நம் பொட்டல்கள் எப்போதோ கற்றுவிட்டன.

வளர்ந்த இடம்

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, மாற்றம் யார் கையில் இருக்கிறது என்பதுதான். கேமில் கம்பனி தீர்மானிக்கிறது. கூத்தில் ஆடுபவரும் பார்ப்பவரும் தீர்மானிக்கிறார்கள்.

திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரைப் பக்கங்களிலிருந்து முதலில் கோப்பிக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பிறகு கொழுந்துக்கும் வந்த சனம் இந்தக் கூத்தைக் கையோடு கொண்டு வந்தது. வந்த இடத்தில் கதையின் எலும்பை யாரும் தொடவில்லை. சதைதான் மாறியது. கோமாளி பேசும் பேச்சில் தோட்டம் புகுந்தது. துரையின் மிடுக்கும் கங்காணியின் அதட்டலும் பிரட்டுக்களத்து வசவும் ராத்திரியில் சிரிப்பாகின. பகலில் வாய் திறக்க முடியாதவர், வேடம் கட்டியதும் பேசலாம். ரதியின் ஒப்பாரியைக் கேட்டு அழுத பெண்களில் எத்தனை பேர் மதனுக்காக அழுதிருப்பார்கள்? 1964 ஒக்டோபர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பலர் இந்தியாவுக்குப் போய் லயங்கள் காலியான வருஷங்களில் பிரிவுப் பாட்டுக்குத் தனி விளக்கம் தேவைப்பட்டிருக்காது. கப்பலேறியவர்களோடு மாஸ்டர்களும் தப்புக்காரர்களும் போனார்கள்.

ஒரு விஷயத்தில் கேம் நம்மைவிட முன்னால் நிற்கிறது. அங்கே எந்த வேடத்தையும் யாரும் எடுக்கலாம். இங்கே தப்பைத் தூக்குவது ஒரு சாதியின் கடமை என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்தோம். முழங்குபவருக்கு மரியாதை குறைவு, முழக்கம் மட்டும் வேண்டும். அந்தக் கணக்கை நேர் செய்யாமல் பாரம்பரியம் என்று பெருமை பேசுவதில் பொருளில்லை. இளைஞர்கள் சாதி பாராமல் தப்பைக் கையில் எடுக்கும் தோட்டங்களில் அந்தக் கணக்கு மாறத் தொடங்கியிருக்கிறது.

இப்போதைய பலவீனம்

இன்று கூத்து பொட்டலை விட்டு மேடைக்கும் வருகிறது. பாடசாலை விழா, கலாசாரப் போட்டி, கொழும்பில் ஒரு நிகழ்ச்சி. நல்லதுதான். ஆனால் மேடை கொடுப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்துக்குள் அடங்குவது ரதி–மதன் ஆட்டம் மட்டும். உடுப்பும் அடவும் வண்ணமும் போதும் என்றாகிவிடுகிறது. தூதன் வந்தால் ஒரு பாய்ச்சல், வீரபத்திரன் வந்தால் ஒரு சுற்று, அவ்வளவே. எமனுக்கு இடமே இல்லை.

எதிரியை அடிப்பவர்கள் மட்டுமே சேர்ந்த அணிபோல ஆகிவிடுகிறது அது. பார்க்கப் பகட்டு உண்டு, தாங்க ஆள் இல்லை. விரதத்தோடும் பயிற்சியோடும் இறங்க வேண்டிய வேடங்கள் மேடைக்குத் தேவைப்படாவிட்டால், அவற்றைக் கற்க அடுத்த தலைமுறைக்குக் காரணம் இருக்காது. ராத்திரி ஆடிவிட்டு விடிந்ததும் பிரட்டுக்குப் போக வேண்டியவரும், கொழும்புக் கடையிலிருந்து லீவு கேட்டு வர வேண்டியவரும், லேசான வேடம் இருக்கும்போது கனமானதை ஏன் தூக்குவார்?

அதனால் கூத்தைக் காப்பாற்ற நினைக்கும் தோட்டக் கமிட்டிகளும் ஆசிரியர்களும் செலவிட வேண்டிய இடம் ரதியின் உடுப்பு இல்லை. மாஸ்டரின் நெஞ்சில் உள்ள வரிசை முழுதாகப் பதிவாக வேண்டும். தூதனுக்கும் வீரபத்திரனுக்கும் மூத்தவரோடு ஓர் இளைஞர் சேர்ந்து பழக வேண்டும். தப்பு எல்லார் பிள்ளைகளுக்கும் கற்றுத்தரப்பட வேண்டும். வேடத்துக்கு வேலை இருந்தால் கதை தன்னால் வளரும் என்பதைக் கோடிகளைக் கொட்டிய கேம் கம்பனிகளே தட்டுத்தடுமாறித்தான் கற்றன.

அடுத்த மாசியில் எந்தத் தோட்டத்துக் கூத்தின் தரத்தையும் அளக்க ஒரு கேள்வி போதும்: தூதன் வேடம் கட்ட இந்த வருஷம் எத்தனை பேர் முன்வந்தார்கள்? ஒருவர் மட்டும் என்றால், அந்தத் தோட்டம் ஆபத்தில் இருக்கிறது. மூன்று பேர் போட்டி என்றால், பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.